வால் பக்கத்துத் தலை

ஜூலை மாதக் குரிச்சிபா.
ஜன்னலுக்கு வெளியே அரவுக்காரியா மரங்களைப்
பனி ஒவ்வொன்றாக விழுங்குகிறது.
உள்ளே, நாப்தலின் நெடியில்,
ஜெனாய்ஜி பாஸ்துர்சாக்
நாற்பத்தோராம் இழுப்பறையை இழுக்கிறாள்.

கட்டைவிரல் நகம் அளவுதான் ஒவ்வொன்றும்.
மேலே நீலம்:
மின்சாரம் போன இரவில் பற்றவைத்த
கேஸ் அடுப்பின் நீலம்.
அடியில் பச்சை.
அதற்கு மட்டும் உவமை கிடைக்கவில்லை,
பதினேழு வருடமாய்.

பின்னிறகில் மயிரிழை போல இரண்டு வால்.
வால் முளைக்கும் இடத்தில் ஒரு பொய்க்கண்.
இலையில் உட்கார்ந்ததும் இறகுகளை உரசும்;
வால்கள் கொம்புகளாய் ஆடும்.
பறவை தலையென்று கொத்தும்.
தலை மறுபக்கமாய்ப் பறந்திருக்கும்.

இந்தப் பேரினத்துக்குப் பேர் வைத்தவர்
காட்டைப் பார்த்ததில்லை.
கப்பலில் வந்த பெட்டியைப் பார்த்தார்.
நீலமாய் இருந்ததை ஒரு சிற்றினம் என்றார்.
முப்பது வருடம் கழித்து இன்னொருவர்
பழுப்பாய் இருந்ததை வேறொன்று என்றார்.
இடுகுறியா, காரணமா என்று கேட்க
அதற்கு வாயா இருக்கிறது?
சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல்தான்.

நூற்றுச் சொச்சம் வருடம்
இரண்டு இழுப்பறையில் இருந்தன.

போன செவ்வாய்க்கிழமை
மொரேத்திஸிலிருந்து பஸ் ஏறி வந்தார்
எவெரால்து,
மடியில் ஒரு பனைக்குருத்து ஊறுகாய் பாட்டில்.
"என் காட்டுச்சீத்தாவைத் தின்கின்றன.
பேர் தெரியாமல் மருந்தடிக்க
மனசு வரவில்லை."
ஒரே தாய் இட்டதை அவரே பார்த்தாராம்.
ஒன்பது முட்டை.
ஐந்து நீலம், மூன்று பழுப்பு,
ஒன்று குளவிக்கு.

ஆணும் பெண்ணும்.
அவ்வளவுதான் விஷயம்.

முந்திய பேருக்கே உரிமை என்பது சட்டம்.
பிந்தியது அதன் கீழே
சின்ன எழுத்தில் போய் ஒதுங்கும்;
சாகவும் விடமாட்டார்கள்.
ஜெனாய்ஜி இடுக்கியால்
பழுப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்து
நீலங்களின் வரிசைக்கு மாற்றுகிறாள்.
குண்டூசி கார்க்கில் இறங்கும்போது
ஒரு மெல்லிய க்ரீச்.

பதினான்காவதில் கை நிற்கிறது.
வால் இல்லை. பொய்க்கண் இல்லை.
இரண்டு இறகிலும் ஒரே அளவில்
அலகு கடித்த முக்கோணம்.
சீட்டில் மங்கிய மசி:
ஏப்ரல் 1931, ஓடைக்கரை, காலை.
அன்று பறவை ஏமாந்திருக்கிறது.
வலை ஏமாறவில்லை.

எவெரால்து தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.
"இந்தப் பச்சை," என்கிறார்,
"மழையில் நனைந்த புது டிராக்டர்."
அவள் சிரிக்கவில்லை.
மறுக்கவும் இல்லை.

பேரைச் சொல்லிக் கொடுத்தாள்.
மூன்று முறை நாக்கு இடறி,
நாலாம் முறை சரியாய்ச் சொன்னார்.
பாட்டிலைத் துடைத்து மூடிக்கொண்டு
கதவருகில் நின்று கேட்டார்:

"இனி மருந்தடிக்கலாமா, டோனா?"

பனி ஜன்னல் வரை வந்திருந்தது.
இழுப்பறை இன்னும் திறந்தே இருந்தது.