இரண்டாம் கட்டம்

என் மீன் வறுவல் கடைக்கு எதிரே ஒன்பது வருஷமாய்
கடல் இல்லை.
கடலின் படம் இருக்கிறது.
தகர வேலி நெடுக ஒட்டிய அந்தப் படத்தில்
பாலிக்ரோவனில் வெயில் அடிக்கிறது.
அயர்லாந்தில் அப்படியொரு வெயிலை
அச்சகத்துக்காரன் தவிர யாரும் பார்த்ததில்லை.

ஐஸ்கிரீமோடு நடக்கிறாள் ஒருத்தி.
முதலில் சிவப்புக் கவுன். மறு வருஷம் ரோஸ்.
இப்போது அவள், ஐஸ்கிரீம், நாய்க்குட்டி
எல்லாமே நீலம்.
நீலம்தான் கடைசிவரை தாங்குமாம்,
பெயின்ட் கடை மாலக்கி சொன்னார்.

பழைய நீச்சல் குளத்தை இடிக்க
ஒரே காலைதான் ஆனது.
என் முதல் சட்டி எண்ணெய் காய்வதற்குள்
குதிக்கும் பலகை, உடைமாற்றும் அறைகள், எல்லாம் கல்குவியல்.
அத்தனை சுறுசுறுப்பான கை
அப்புறம் எங்கே போய்த் தொலைந்தது?

கூட்டம் போட்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள்.
மஞ்சள் தாளில் கனவை எழுதி ஒட்டச் சொன்னார்கள்.
"கழிப்பறை" என்று எழுதினேன்.
ஹானோரா எழுதினாள்: "உட்கார ஒரு பெஞ்ச்."
அறிக்கையில் அது
"கடலோர அனுபவ முனையம்" என்று வந்தது.
இரண்டாம் கட்டத்தில்.
இரண்டாம் கட்டம் பேய் மாதிரி:
பார்த்தவரில்லை,
பார்த்தவரைப் பார்த்தவர் உண்டு.

கேட்டால், கோப்பு டப்ளினில்.
டப்ளினில் கேட்டால், கோப்பு இங்கே.
ரயிலில் போய்வந்துகொண்டிருக்கும் போல,
ஜன்னலோர இருக்கையில்
கடலைப் பார்த்தபடி.

மகன் ஃபியாக்ரா பெர்த்திலிருந்து சொல்கிறான்:
கடையை விற்றுவிட்டு வா.
யாரிடம் விற்க?
பாதி நாள் ஈ ஓட்டுகிறேன்.
அந்த நீலக்காரி வாங்குவாளா?

ஏப்ரலில் ஒரு முடிவுக்கு வந்தேன்.
மாலக்கியிடம் ஸ்பேனர் வாங்கினேன்.
எட்டு போல்ட், ஒரு தகரம், அவ்வளவுதான்.
நாள் தள்ளித் தள்ளி
மே மாத இரவொன்றில் போய்
ஓட்டை வழியே டார்ச் அடித்தால்,

கல்பரப்பில் ஆலாக்கள்.
உள்ளங்கையளவுப் பறவை.
கூழாங்கல் நடுவே கூழாங்கல்லாய் முட்டை.
ஆப்பிரிக்காவிலிருந்து வருமாம்.
வந்த வாரமே குடியேறிவிட்டன, யாரையும் கேட்காமல்.

மறுவாரம் நகரசபைக் கடிதம்:
குஞ்சுகள் பறக்கும்வரை பணிகள் நிறுத்தம்.
எந்தப் பணிகள், அய்யா?
சிரித்துப் புரையேறி
கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தகரத்தைக் கழற்றினால் நாய் புகுந்துவிடும்.
ஸ்பேனர் மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது.
ஹானோரா கேட்டாள், எப்போதாம்?
ஆகஸ்ட் என்றேன்.

சொல்லும்போதே
என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.