மூன்றாவது விலைப்புள்ளி

ரோந்துப் படகின் கதவிடுக்கில்
தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்
உச்சிப்புளியில் என் பட்டறையில்தான் வார்ப்பு.
பதினொரு ஆள், இரண்டு அச்சு இயந்திரம்,
உப்புக்காற்றில் முதுகு துருவேறிய ஒரு சர்வர்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க
நூற்றுப் பத்துக் கேள்விகள் வந்திருந்தன.
வரைபடம் எங்கே இருக்கிறது,
யார் திறக்கிறார்கள்,
திறந்தவரை யார் பார்க்கிறார்கள்.
வளையத்துக்குக் கசிவுச் சோதனை உண்டு, தெரியும்.
வரைபடத்துக்கும் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்னை நிறுவனம் காணொளியில் வந்தது.
பூட்டுப் படம், கேடயப் படம், மேகத்துக்குள் இன்னொரு பூட்டு.
"நூறு சதவீதம் பாதுகாப்பு மேடம்."
கச்சான் வலுத்தால் பாம்பனில் ரயிலையே நிறுத்துவார்கள்;
நூறு என்று இந்தக் கரையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மதுரைக்காரர் பாதி விலை.
நூற்றுப் பத்துக்கும் "ஆம்" என்று
அவரே நிரப்பித் தருவாராம்.
இரண்டு நாள் அந்தத் தாளை
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.
பொய் சொல்வானேன்.

ராமநாதபுரம் பேருந்தில் வந்து இறங்கியவள்
ஷிஃபானா, கீழக்கரைக்காரி.
தோள்பையில் மடிக்கணினியும் ஒரு டார்ச் லைட்டும்.
முதலில் சர்வருக்குப் பின்னால் அடித்துப் பார்த்தாள்.
விலை கேட்டேன். பதிலுக்கு அவள் கேட்டாள்:
"கடைசியா வேலைய விட்டுப் போனது யாரு?"

கிளாட்வின். என் தம்பி.
கத்தாருக்குப் போய் இரண்டு வருஷம்.

"அவர் கணக்கு?"

உயிரோடிருந்தது.
கடவுச்சொல்லும் அதேதான்:
அப்பாவின் வள்ளம் சந்தியாகு, பிறகு ஒன்று இரண்டு மூன்று.
முந்தின வெள்ளி இரவு இரண்டே காலுக்கு
யாரோ அந்தப் பெயரில் நுழைந்து
நாற்பத்தேழு வரைபடம் புரட்டியிருந்தார்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன்.
"நான் எதுக்குக்கா அதத் தெறக்கப் போறேன்."
பின்னால் வெல்டிங் சத்தம்.
நம்பினேன்.
நம்பியதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

"ஆர்டர் குடுத்தவங்களுக்கு இன்னைக்கே சொல்லணும்."
சொன்னால் ஒப்பந்தம் போய்விடுமா?
"போகலாம். எனக்குத் தெரியாது."
தெரியாது என்ற சொல்லை
மூன்று பேரில் அவள் ஒருத்திதான் சொன்னாள்.

அவள் விலை சென்னையை விட அதிகம்.
கையெழுத்துப் போட்டேன்.

கணக்கை மூடும் பொத்தானை
என்னையே அழுத்தச் சொன்னாள்.
திரையில் தம்பி பெயர் சாம்பல் நிறமானது.
வெளியே இயந்திரம் அடுத்த வளையத்தைத் துப்பியது.
சூடு ஆறுமுன் எடுத்து,
பழக்கம்தான்,
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.