சதுர மீட்டருக்கு இருபது கிராம்

அக்டோபரில் இந்தக் குளம்
முந்நூற்று எண்பது என்றது.
மார்ச்சில் அதே மானியை இறக்கினேன்,
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மைக்ரோசீமென்ஸ் என்பது அலகு.
நாக்கு அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது.

ஹுட்வில்லுக்கு மேலே
சாலை இறங்கித் திரும்பும் இடத்தில் கிடக்கிற குளம்.
பெயர் இல்லை.
வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி,
அதுவும் பழைய பதிப்பில்.

ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விடுவேன்.
இலையுதிர்காலத் துளியில் நாற்பத்தொரு வகை:
இரு முனையிலும் பளிங்குத் துகள் நடுங்கும் பிறை,
விளிம்பெல்லாம் கத்தரித்த பச்சை நட்சத்திரம்,
குட்டிப் பந்துகளைத் தனக்குள் சுமந்தபடி உருளும் பந்து,
கிண்ணத்துக்குள் கிண்ணம் செருகிப்
பொன்னிறமாய் நீந்தும் ஒரு கிளை.
ரெகுலா லத்தீனில் பெயர் சொல்வாள்.
நான் தமிழில் எண்ணுவேன்.
எந்த மொழியிலும் எண்ணிக்கை ஒன்றுதான் என்பாள்;
எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இன்று பதின்மூன்று.
ஓடம் போல் சில, ஊசி போல் சில,
உப்புக்கு அஞ்சாத சிலிக்கா ஓடுகள்.
கடலோரத்து உறவுகள்.
எந்தப் பறவையின் காலில் ஒட்டி
இந்த மலைநாட்டுக்கு வந்தனவோ.
"வந்தேறிகள்" என்று குறிக்கச் சொன்னாள் ரெகுலா.
அந்தச் சொல்லுக்கு முன்
என் பென்சில் சற்று நின்றது.

பச்சை நட்சத்திரத்தின் இடத்தில்
சுவர் மட்டும்.
உள்ளே உயிர் சுருங்கி, சுவரை விட்டு விலகி,
அப்பாவின் கையுறைக்குள்
பிள்ளையின் விரல் போல.

உப்பு தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
உப்பைத் தின்றது தண்ணீரே என்றால்
அது யாரிடம் போய்க் குடிக்கும்?

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டியது:
அந்தச் சாலையில் உப்புத் தூவும் லாரியை ஓட்டுபவர்
என் கணவர்.
பெயர் பகீரதன்.
வானத்து நதியை இறக்கியவன் பெயரை
வைத்தவர்கள் நினைத்திருப்பார்களா,
பனி விழும் இரவில் மூன்று மணிக்கு எழுந்து
இவர் நான்கு டன் உப்பை இறக்குவார் என்று.
டாக்டர் இவருக்கு விதித்தது
நாளொன்றுக்கு ஐந்து கிராம்.
சொதியில் குறைத்தால் முகம் சுளிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினேன்,
அக்டோபர்ப் படங்களையும் மார்ச் துளியையும்.
நெடுநேரம் குனிந்திருந்தார்.
"இதுகளுக்குக் கண் இருக்கோ?"
"சிலதுக்கு ஒரு சிவப்புப் புள்ளி."
"அந்த வளைவில கொஞ்சம் குறைக்கலாமே" என்றேன்.
"வளைவு வளைவுதான்.
காலமை ஐந்தரை பஸ்ஸில ஆர் வாறது?"

நான்தான்.
மாதிரிப் போத்தல்களை மடியில் வைத்து
ஒரு முறையும் சறுக்காமல்
வந்து சேர்கிறவள்.

உருகிய பனி உப்போடு ஓடிவந்து
அடியில் படுக்கிறது, கனமாக.
மேல்நீர் அதன்மேல் மிதக்கிறது.
வசந்தத்தில் புரண்டு படுக்க வேண்டிய குளம்
இந்த ஆண்டு புரளவில்லை.
அடித்தட்டில் மூச்சுக் காற்று
அநேகமாகப் பூஜ்ஜியம்.

படிவத்தில் "மூலம்" என்றொரு கட்டம்.
"குளிர்காலப் பராமரிப்பு" என்று எழுதினேன்.
பொய் இல்லை.

வெற்றுச் சுவர்களை எண்ணக் கூடாது என்பது விதி.
எண்ணவில்லை.
ஆனால் சில்லின் ஓரத்தில்
ஒரு நட்சத்திரத்தின் பாதி, பச்சையோடு.
அவை இரு பாதிகளால் ஆனவை.
பிரிந்தால், ஒவ்வொரு பாதியும்
தனக்கு இல்லாததைப் புதிதாய் வளர்த்துக்கொள்ளும்.
வெட்டிய பக்கத்தில் ஒரு சிறு புடைப்பு
இருந்தது போலவும்
இல்லாதது போலவும்.
பதின்மூன்றா, பதினான்கா?

ரெகுலாவைக் கூப்பிட எழுந்தேன்.
அவள் தொலைபேசியில் இருந்தாள்.
திரும்பி வந்தபோது
விளக்குச் சூட்டில் துளி காய்ந்து
சில்லில்
சதுரம் சதுரமாய்ப் படிகம்.