குளிருக்கு முன்னால் நிற்கும் எண்

மைனாட்டுக்கு வடக்கே, மைனஸ் முப்பத்தொன்று.
சாவியைத் திருப்பினேன்.
பிக்கப் ஒருமுறை முனகிப்
படுத்துக்கொண்டது.

டிப்ஸ்டிக்கை உருவினால்
சொட்ட மனமில்லாமல் தொங்குகிறது கருப்பு.
இருபது–ஐம்பது. பாலைவனத்துக்கு ஆகும்.
அக்டோபரில் விற்கும்போது அண்ணன் ஆர்லன் சொன்னான்:
"சத்தமே வராது ராக்னா, காதை வைத்துப் பார்."
வைத்துப் பார்த்தேன்.
வரவில்லைதான்.

எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே அச்சடித்திருக்கிறது
ஐந்து டபிள்யூ முப்பது.
டபிள்யூ என்றால் குளிர்காலம்.
அதற்கு முன்னால் நிற்கும் எண் இறங்க இறங்க
விடிகாலையில் எண்ணெய் சீக்கிரம் மேலேறும்;
பின்னால் நிற்பது, சூடேறிய பிறகான கதை.
முப்பதை அப்படியே விட்டு
ஐந்தை மட்டும் சைபராக்கினேன்.

அடியில் ஹீட்டர் வைத்து இரண்டு மணி நேரம்.
பழையது முழம் முழமாக இறங்கியது,
புதியது ஒரே மடக்கில் போனது.

தொட்டதும் பிடித்தது எஞ்சின்.
பிடித்ததும் கேட்டது
டிக் டிக் டிக்.
வலப்பக்கம், மூன்றாவது சிலிண்டர்.
அவன் கெட்டி எண்ணெயால் போர்த்தி
எட்டாயிரத்து நானூறு டாலருக்கு விற்ற
டிக் டிக்.

போனை எடுத்தேன். வைத்தேன்.
அணைக்காமலே ஓட்டிப்போய்
அவன் படுக்கையறை ஜன்னலடியில் நிறுத்தினேன்.

ஹார்ன் அடிக்கவில்லை.