மத்தி கரையேறிய காலை

ஓடாதே என்ற சொல்லை
நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
டர்பன் மருத்துவமனையின் ஏழாம் மாடியில்
தட்டணுக்கள் பதினோராயிரத்துக்கு இறங்கிய இரவில்
அது என் சட்டைப்பையில் ஏறிக்கொண்டது.

கவேஷ்னிக்கு அப்போது ஐந்தரை வயது.
பல் துலக்கினாலே ரத்தம்.
மாடிப்படி, மிதிவண்டி, கட்டிலின் மூலை,
பக்கத்து வீட்டு நாயின் வால்,
எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றிவைக்கப் பார்த்தேன்.

நோம்செபோ மட்டும் கேட்கவில்லை.
வார்டுத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டி
கோட்டிலிருந்து கோட்டுக்கு
மருந்துக் கம்பியை உருட்டிக்கொண்டு வரச் சொல்வாள்.
ராணி, இன்றைக்கு எத்தனை கோடு?
இரண்டு. ஒரு வாந்தி. பிறகு இன்னும் ஒன்று.
அணுக்கள் மோசமென்றால் அன்று
படுக்கையிலேயே பலூன் தட்டல்.
சர்க்கரை கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான்.
நாற்காலியில் உட்கார்ந்து
கோடுகளை எண்ணியபடியே அவளை வெறுத்தேன்.

மருந்து நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது.
ஓடட்டும், குதிக்கட்டும் என்றார் மருத்துவர்.
எலும்புக்கு வேண்டும், இதயத்துக்கு வேண்டும்.
என் வயிற்றைப் பார்த்துவிட்டு,
உங்களுக்கும்தான் மிஸ்டர் கிஸ்டன்.
சிரித்துவைத்தேன்.
பள்ளிக்கு எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.
விளையாட்டு வகுப்பிலிருந்து இவளுக்கு விலக்கு அளிக்கவும்.
நெட்பால் நாட்களில் என் மகள்
நிழலில், பெஞ்சில்,
மற்றவர்கள் எடுத்த புள்ளிகளை
முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்.

ஜூன் மாதச் சனிக்கிழமை, விடிந்தும் விடியாமல்
சலோஷ்னியின் கைப்பேசி அலறியது.
இசிபிங்கோவில் மத்தி வந்துவிட்டதாம்.
பாதி சாட்ஸ்வொர்த் மலையிறங்கி வந்திருந்தது,
வாளியோடு, தலையணை உறையோடு,
குழந்தை குளிப்பாட்டும் தொட்டியோடு.
கடற்பறவைகள் கல்லெறிந்ததுபோல் விழுந்துகொண்டிருந்தன.
இழுவலைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் கத்தினார்கள்.

வலது பாதம் அவளுக்கு இன்னும் முன்பக்கம் தொங்கும்.
மருந்து விட்டுப்போன மிச்சம்.
சிமெண்டில் அது சப், சப்பென்று அறையும்;
எந்த அறையில் இருக்கிறாள் என்று
வீட்டில் அதை வைத்தே சொல்வேன்.
ஈர மணலில் சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தபோது
என் கையில் அவளுடைய செருப்பு மட்டும்.

அதோ, சிவப்பு வாளி.
தோள் ஒருபக்கம் சாய, பாதம் வெளியே வீச,
அழகான ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
ஒரு பையனை இடித்தாள். இன்னொருவன் இவளை இடித்தான்.
பாறையில் விழுந்தாள்.

நானும் ஓடினேன். முப்பது அடியில் மூச்சு வாங்கியது.
முழங்கால் கிழிந்து ரத்தம்.
விடுங்கப்பா, மீன் போவுது.
ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று
கைக்குட்டையை அழுத்திக்கொண்டு
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டு. மூன்று.
எடுத்துப் பார்த்தால்
சிவப்பு தடித்து, மங்கி, நின்றிருந்தது.
எங்கிருந்தோ கிளம்பி, இருட்டில் வழி தேடி,
கூட்டங்கூட்டமாய் வந்து அடைத்திருக்கின்றன.
யாரும் அழைக்காமல். யாரும் எண்ணாமல்.

நான் மண்டியிலிருந்து எழுவதற்குள்
அவள் மறுபடி தண்ணீரில்.

ஏழு மத்தி. ஒன்றுக்குத் தலை இல்லை.
கார் முழுக்க வாடை, இருக்கையெல்லாம் செதில்.
திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்தில்
என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே ஓட்டுகிறேன்.
பின்சீட்டில் அவள் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள்.
வலிக்குதா என்றேன்.
அந்தப் பச்சைச் சட்டைக்காரன்
என்னை முந்திட்டான், என்றாள்.