பதினாறு

சித்திரை பிறந்துவிட்டால்
என் என்லார்ஜர் பல்புக்கு ரத்தசோகை.
மாங்கூழ்க் கம்பெனிகள் மூன்று ஷிஃப்ட் ஓட்டுகின்றன.
பழையபேட்டை முழுக்க டியூப்லைட்டுகள்
சிமிட்டிச் சிமிட்டிச் சாகின்றன.

ஸ்டெபிலைசர் வாங்கித் தாருங்கள் என்றேன்.
"அடுத்த முகூர்த்தத்துக்குப் பார்க்கலாம்" என்றார் அன்வர் பாய்.
அதற்குப் பிறகு எத்தனையோ முகூர்த்தங்களை
நான்தான் கழுவிக் காயப்போட்டேன்.

சுவர்க்கடிகாரத்தை நம்புவதில்லை.
அது நொடியை எண்ணும்,
வெளிச்சத்தை எண்ணாது.
நான் மின்விசிறிக்குக் காது கொடுக்கிறேன்.
அது தொய்ந்தால் பல்பும் தொய்ந்தது;
எட்டு, பத்தாகும். பத்து, பதின்மூன்றாகும்.
வாய்க்குள் எண்ணும்போது
வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும்
நான் செவிடு.

வேப்பனப்பள்ளிக்காரர்
கவுண்டரில் கை ஊன்றிச் சொன்னார்:
"மூணு எடம் தட்டிப்போச்சுங்க.
பொண்ணக் கொஞ்சம் வெளுப்பாப் போட்டுக் குடுங்க."
கெம்பம்மா என்று கவரில் எழுதிக்கொண்டு
உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

சிவப்பு விளக்கின் கீழ் எல்லாம் ஒரே நிறம்,
என் கை, தட்டு, ஹைப்போ பாட்டில்.
சிவப்பைத் தாளுக்குத் தெரியாது.
வெள்ளை வெளிச்சம்தான் அதைத் தொடும்.
தொட்ட இடம் கறுக்கும்.
வெளியே சொன்னால் சிரிப்பார்கள்:
ஒருத்தியை வெளுக்க வேண்டுமென்றால்
அவளிடம் வெளிச்சத்தை அண்டவிடக் கூடாது.

முதலில் ஒரு துண்டுத் தாள்.
அட்டையை நகர்த்தி நகர்த்தி எண்ணினேன்.
கொண்டை நாலில்,
காது எட்டில்,
கன்னம் பன்னிரண்டில்,
மூக்கு பதினாறில் விழுந்தது.
கணக்கு பதினாறு என்று தெரிந்துவிட்டது.
கேட்டது அதுவல்ல.

சைக்கிள் போக்ஸ் கம்பி நுனியில்
ரூபாய் அளவுக்கு ஓர் அட்டை.
அதன் நிழலை அவள் முகத்தின்மேல்
ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஈ ஓட்டுவதுபோல.
கை நின்றால் விளிம்பு காட்டிக்கொடுக்கும்.
பாதியில் விசிறி முனகியது.
மூன்று கூட்டினேன்.

டெவலப்பரில் கூந்தல் வந்தது, சேலைக் கரை வந்தது,
முகம் மட்டும்
வரலாமா என்று யோசித்தது.
வந்தபோது
பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்.

வியாழக்கிழமை வாங்க வந்தவள் அவளே.
ஷிஃப்டுக்குப் போகிற வழி,
மேலெல்லாம் மாம்பழ வாடை.
படத்தைத் திருப்பவில்லை, சாய்க்கவில்லை.
ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"மூக்குத்தி எங்க?"

வெள்ளைக்கல். போன சீசன் கூலி முழுதும்.
வெள்ளைக்குள் வெள்ளை போய்விட்டது
என்று எப்படிச் சொல்ல?

கொடியில் கிளிப்போடு தொங்கிய
துண்டுத் தாளை எடுத்து வந்தேன்.
கடைசிப் பட்டையில் விரல் வைத்தாள்.
"இதே மாதிரி முழுசா."
உங்கப்பா என்று இழுத்தேன்.
"அவரு கேட்டது அவருக்கு. எனக்கு ஒண்ணு."

இப்போது வோல்டேஜ் சரியில்லையே,
உங்கள் கம்பெனிதான் குடிக்கிறது என்றேன்.
முதல்முறையாகச் சிரித்தாள்.
"ஆறு மணிக்கு மெஷின நிறுத்திக் கழுவுவோம்.
இருவது நிமிஷம்.
அப்பப் போடுங்க."

ஆறு அடித்துச் சற்று நேரம்.
விசிறி திடீரென்று இளைஞனானது.
நெகட்டிவ் மேல் பல்பு பளிச்சென்று நின்றது.
கம்பியைக் கீழே வைத்தேன்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
அவள்மேல் வெளிச்சம் கொட்டுவதை
பதினாறு எண்ணும்வரை
சும்மா பார்த்திருந்தேன்.

தட்டில் கன்னம் கறுத்தது, கழுத்து கறுத்தது.
கறுக்கக் கறுக்க
ஒரு புள்ளி மட்டும்
அப்படியே இருந்தது.

எந்தப் படம் எந்த வீட்டுக்குப் போனதோ.
மாசக் கடைசியில் பெட்டியை எண்ணிய பாய்
"ஒரு தாள் கூடப் போயிருக்கே?" என்றார்.
"வோல்டேஜ் பாய்" என்றேன்.