மாசு

டலோலின் மஞ்சள் குளம் கொதிப்பதில்லை,
கொதிப்பதாக நடிக்கிறது.
அடியிலிருந்து வாயு முட்ட
பச்சை விளிம்பில் உப்பு
காளான்போல் குடை விரித்து நிற்கிறது.
அழகுதான்.
விரலை விட்டால் தோல் கழலும்.

மூன்று ஜனவரிகளாக வருகிறோம்.
ஓதிலுக்கு வெந்நீர்க் குட்டைமேல் நம்பிக்கை:
காய்ந்து நனைந்து, காய்ந்து நனைந்து
ஏதோவொரு சேற்றோரம்
மூலக்கூறுகள் கைகோத்திருக்கும் என்பாள்.
எனக்குக் கடலடிப் புகைபோக்கிகள்.
மெக்கெலேயிலிருந்து வண்டி ஓட்டிவந்த கெப்ரெகிதானுக்கு
டயரைப் பற்றி மட்டும்தான் கவலை.
இரவில் தகரக் குவளைத் தேநீரோடு
வால்வெள்ளி சுமந்துவந்த கதையை,
களிமண் அச்சில் வார்த்த கதையை
சீட்டுக்கட்டாய்க் கலைத்துப் போடுவோம்.
யார் கையிலும் துருப்பில்லை.

பெட்டி தூக்க வந்தவன் ஹம்ஃபரே,
மற்ற நாளில் உப்புப்பாளம் வெட்டுபவன்.
இந்தத் தண்ணீரில் உயிர் உண்டா என்று தேடுகிறோம் என்றதும்
கோடரிக் காம்பில் சாய்ந்து சிரித்தான்:
'ஒட்டகம் மோந்துகூடப் பார்க்காதே.
அதைக் கேட்டிருக்கலாம்.'

போர்தோவில் மழை.
பதினொரு குப்பிகளில் ஒன்றுமில்லை.
கந்தகம் இருந்தது, இரும்பு இருந்தது,
வேண்டிய சரக்கெல்லாம் இருந்தது
புள்ளி வைத்த மெய்களாய், வரிசையில்.
ஏறி உட்கார உயிர் வரவில்லை.

பன்னிரண்டாவதில் இருந்தது.

ஓதில் நடைவழியில் ஓடினாள்.
நான் யாரிடமும் சொல்லக் கூடாததை
ரொட்டிக்கடைக்காரியிடம் சொன்னேன்.
இரண்டு நாள் அரசர்களாக இருந்தோம்.
பிறகு பெயர்கள் வந்தன:
மனிதத் தோலில் வாழ்வது,
நெற்றி வேர்வையில் வாழ்வது,
ஒட்டகத்தின் வாயில் வாழ்வது ஒன்று.
நினைவு வந்தது. வழியில் சிந்திவிடுமே என்று
ஹம்ஃபரே அந்த மூடியைத் திறந்து
மறுபடி இறுக்கினான்,
உறையில்லாக் கையால், அக்கறையோடு.

அறிக்கையில் ஒரே சொல் எழுதினேன்: மாசு.
எழுதியபின் பேனா நகரவில்லை.
நாலு பில்லியன் ஆண்டுக்கு முன்
எதுவுமற்ற ஒரு குட்டையோரம்
அது எந்தத் தவறின் கைரேகை?
அதை யார் அடித்துத் திருத்தாமல் விட்டார்கள்?
இதையும் எழுதினேன்.
ஓதில் சிவப்பு மையால் கோடிட்டாள்.
அவள் செய்தது சரி.
தவிர, வெளியிலிருந்து வந்ததென்றால்
வெளியில் எப்படி வந்தது?
கேள்வியை அடுத்த வீட்டுக்கு அனுப்புவது
பதிலாகாது.

இந்த ஜனவரி ஹம்ஃபரேக்குக் கையுறை கொடுத்தோம்.
நீல ரப்பரில் அவன் கைகள்
வேறு யாருடையவோ போலிருந்தன.
மூடியை இறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்:
உப்புவெளியின் கானலில்
ஒன்பது ஒட்டகங்களும் ஓர் ஆளும்.

கையுறையை உருவிப் போட்டான்.
ஒருவன் கையை மற்றவன் முத்தமிட்டான்.
இருவரும் குந்தினார்கள்.
டாகு என்பார்கள் அஃபார் மக்கள்.
எதிர்ப்பட்டவனிடம் சேதி சொல்லாமல் போகலாகாது:
எங்கே மழை, எவன் ஆடு செத்தது,
எந்தக் கிணறு இன்னும் ஊறுகிறது.
முதலில் யார் சொன்னதென்று எவருக்கும் தெரியாது.
'நீ அடுத்தவனிடம் சொன்னாயா?
அதைத்தான் கேட்பார்கள்,' என்று
ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான்.

காற்றின் கீழ்ப்புறம்
காலிக் குப்பியோடு நின்றேன்.
ஹம்ஃபரே குளத்தைக் காட்டினான்,
பிறகு எங்களை.
மொழி தெரியாது, ஆனாலும் ஊகித்தேன்:
தண்ணீரில் யாருமில்லை.
கரையில் சிலர் இருக்கிறார்கள்.

ஒட்டகக்காரன் தலையசைத்து எழுந்தான்,
சேதியை ஏற்றிக்கொண்டு
மேற்கே நடந்தான்.